விலை தெரியாமல் கையெழுத்து: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்க்கைத் துறைத் தலைவர்களுக்கும், மெரிட் ஸ்காலர்ஷிப் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

கல்லூரிகளுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கும் கடைசி நாளான நவம்பர் 1 நெருங்க நெருங்க, எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இருக்காது. பொங்கல் விழாவுக்கு யார் நாற்காலி கொண்டுவருவது என்று பேசுவதற்காகத் தொடங்கிய குழு அது. அக்டோபர் வந்தால் ஜாதகம் பார்க்கும் இடமாக மாறிவிடும். பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ இவ்வளவு, நுழைவுத் தேர்வான எஸ்ஏடி இவ்வளவு, கல்லூரித் தரத்தில் எடுக்கும் ஏபி பாடங்கள் இத்தனை, ரோபோட்டிக்ஸ் உண்டு, அரங்கேற்றம் முடிந்தது, ஃபுட் பேங்க்கில் தன்னார்வப் பணி உண்டு. ‘எர்லி’யில் போட்டால் சான்ஸ் எப்படி? ஸ்காலர்ஷிப் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டால் அநேகமாகக் கிடைத்த மாதிரிதானா?

பதில் சொல்லவும் ஆள் உண்டு. நாலு வருடம் முன்னால் மகனைச் சேர்த்த ஒரு அண்ணன், தன் மகனின் கதையையே விதியாக்கிச் சொல்வார். இன்னொருவர் சக ஊழியரின் மகளைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்வார். கடைசியில் யாராவது ஒரு கன்சல்டன்டின் எண்ணைப் பகிர்வார்கள். அவர் மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ‘ரீச்’ (கிடைப்பது கடினம்), ‘டார்கெட்’ (கிடைக்கலாம்), ‘சேஃப்டி’ (அநேகமாகக் கிடைக்கும்) என்று மூன்று நிறத்தில் ஒரு எக்செல் தாள் தருவார். அவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான். எத்தனை பேர் எந்தச் சுற்றில் விண்ணப்பித்தார்கள், அவர்களில் எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தீர்கள், எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்பது உங்கள் கணினியில் ஒரு சொடுக்குத் தூரத்தில் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்க வந்தது இரண்டே விஷயம். அந்த எண்களை வெளியிடுங்கள். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவோம் என்று கட்டாயக் கையெழுத்து வாங்கும் முன், திறமையைப் பார்த்துத் தரும் மெரிட் உதவித்தொகை உண்டா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களும் படிக்கவேண்டும் என்பதுதான். உங்கள் அலுவலகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் இப்போது பஞ்சமில்லை.

ஊரிலிருந்து படிக்கும் உறவினருக்காக முறையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எர்லி டிசிஷன் என்பது ஒரே ஒரு கல்லூரிக்குத் தரும் வாக்கு: இடம் கிடைத்தால் வந்தே தீருவேன், மற்ற விண்ணப்பங்களையெல்லாம் விலக்கிக்கொள்வேன். மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள், டிசம்பர் நடுவில் முடிவு. எர்லி ஆக்‌ஷனும் அதே காலத்தில்தான். ஆனால் கட்டுப்பாடு இல்லை. இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் ஜனவரியில் வழக்கமான சுற்று இருக்கிறது.

இனி உங்களிடம்.

எங்களைப் போன்ற குடும்பங்களை உங்கள் நிதியுதவிக் கணக்கு எப்படிப் பார்க்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இருவரும் வேலை பார்க்கிறோம். வருமானம் தாளில் நன்றாகத்தான் தெரியும். அந்த வருமானத்துக்குள் வீட்டுக் கடன், ஊரில் இருக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவு, தங்கையின் பிள்ளைகளுக்குக் கட்டும் ஃபீஸ் எல்லாம் இருப்பது உங்கள் படிவத்தில் எங்கும் பதிவாகாது. தேவை அடிப்படையிலான உதவி எங்களுக்குப் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். மறுபக்கம், உங்களில் பலருடைய மொத்தச் செலவுப் பட்டியல் ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. நாலு வருடத்துக்குப் பெருக்கினால் இங்கே டெக்சஸில் ஒரு வீட்டின் விலை. எனவே எங்களுக்கு இருக்கும் ஒரே வாசல் மெரிட் உதவித்தொகை. ஐவி லீக் எனப்படும் பெயர்பெற்ற எட்டுப் பல்கலைக்கழகங்களும், ஸ்டான்ஃபோர்டும், எம்ஐடியும் மெரிட் என்று எதுவும் தருவதில்லை. விளையாட்டு உதவித்தொகையை விட்டுவிட்டால், தேவையைப் பார்த்து மட்டுமே தருகின்றன. அதை வெளிப்படையாகச் சொல்லியும் விடுகின்றன. அங்கே ஏமாற்றம் இல்லை. இந்தக் கடிதம் மெரிட் பணம் தருகிறோம் என்று அறிவிக்கும் மற்றவர்களுக்கு, அதிலும் குறிப்பாக எர்லி டிசிஷனும் மெரிட்டும் ஒருசேர வைத்திருப்பவர்களுக்கு.

உங்கள் நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். எர்லி டிசிஷன் கையெழுத்து நவம்பரில். அநேகப் பெரிய மெரிட் உதவித்தொகைகளுக்கு இறுதிச் சுற்றுப் பட்டியல் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ. நேர்காணல் பிப்ரவரி, மார்ச்சில். பணம் உண்டா இல்லையா என்ற கடிதம் மார்ச் முடியும்போது. அதாவது, வாக்கு கொடுத்து நாலைந்து மாதம் கழித்து விலை தெரியும். முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்தபின்தான் மண்டப வாடகை என்னவென்று சொல்வேன் என்று எந்த மண்டபக்காரராவது சொன்னால், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அட்வான்ஸ் கொடுப்பார்களா?

நிதி போதாவிட்டால் எர்லி டிசிஷன் வாக்கிலிருந்து விலகலாம் என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். அந்த விலக்கு உங்கள் தேவைக் கணக்கை நம்பி இருக்கிறது. உங்கள் கணக்கின்படி எங்களால் முழுத் தொகையும் கட்ட முடியும். அப்புறம் என்ன காரணம் சொல்லி விலகுவது? மெரிட் கிடைக்கும் என்று நம்பினோம், கிடைக்கவில்லை என்றா? அதைச் சொல்லப் பள்ளிக் கவுன்சிலரிடம் போனால், அவர் முகம் சுருங்கும். அடுத்த வருடம் அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் வீணானது என்று உங்களில் யாரும் எழுத்தில் தந்ததாக நான் பார்க்கவில்லை.

சரி, எர்லி டிசிஷனே வேண்டாம், எர்லி ஆக்‌ஷனிலோ ஜனவரியிலோ போடுங்கள் என்பீர்கள். அங்கேதான் பொறி. 2003-ல் கிறிஸ்டபர் ஏவரியும் உடன் ஆய்வாளர்களும் சேர்க்கைத் தரவை அலசி, முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்ஏடியில் ஏறக்குறைய 100 மதிப்பெண் கூடுதலாக வாங்கியதற்குச் சமம் என்று காட்டினார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சலுகை கரைந்துவிட்டதாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை. முதலாண்டு இடங்களில் பாதியை, சில இடங்களில் பாதிக்கும் மேல், எர்லி டிசிஷனிலேயே நிரப்பிவிடும் கல்லூரிகள் இன்று பல. மிச்ச இடத்துக்கு மலைபோல் விண்ணப்பம் குவியும். அதன் நிராகரிப்பு விகிதத்தைப் பார்த்து அடுத்த ஆண்டுப் பெற்றோர் இன்னும் பயந்து எர்லி டிசிஷனுக்கு ஓடுவார்கள்.

ஆக, எங்கள் முன்னால் வைக்கப்படும் தேர்வு இதுதான். இடம் கிடைக்கும் வாய்ப்பு வேண்டுமா, விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை வேண்டுமா? காசு ஒரு பொருட்டே இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. அவர்கள் எர்லி டிசிஷனில் போட்டுவிட்டு நிம்மதியாக தாங்க்ஸ்கிவிங் விருந்து சாப்பிடுவார்கள்.

நடுவில் ஒரு நேர்மையான வார்த்தை எங்கள் பெற்றோருக்கும். எர்லி டிசிஷன் சேர்க்கை விகிதம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று குழுவில் எழுதுகிறீர்களே, அந்த எண்ணுக்குள் விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். கோடையிலேயே பயிற்சியாளர் பேசி முடித்த பிள்ளைகள் அவர்கள். பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் மகன் லக்ராஸ் ஆடவில்லை; தாத்தா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சலுகை இருக்கும். நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது. எவ்வளவு என்று சொல்லக்கூடியவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மூத்தவள் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அவளுக்குப் பிடித்த கல்லூரி ஒன்றுக்கு எர்லி டிசிஷனில் போட்டால் நல்ல வாய்ப்பு என்று பள்ளிக் கவுன்சிலர் சொன்னார். முழுத் தொகையும் கட்ட முடியாது என்று தெரிந்து நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் எர்லி ஆக்‌ஷனில் விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது. பெரிய உதவித்தொகை ஒன்றுக்கு ஃபைனலிஸ்ட் என்று கடிதமும் வந்தது. வீடே கோயிலுக்குப் போய் வந்தது. நேர்காணல் வார இறுதி பிப்ரவரியில், நாட்டின் இன்னொரு கோடியில். விமானச் செலவு எங்களுடையது. அரங்கம் நிறையப் பிள்ளைகள், எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை. பெற்றோருக்கான அமர்வில் நான் எழுந்து, வந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கேட்டேன். மேடையில் இருந்த அலுவலர் சிரித்தபடி, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்றார். போன ஆண்டு எவ்வளவு என்று கேட்டேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த குஜராத்தி அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கவேண்டும். மார்ச் கடைசியில் வருத்தக் கடிதம் வந்தது. அவள் இப்போது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படிக்கிறாள். குறை அவளுக்கு இல்லை, எனக்குத்தான்.

என் குறை அவளுக்குக் கிடைக்காமல் போனது பற்றியதல்ல. போட்டி என்றால் தோல்வியும் உண்டு. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கிடைக்குமா, பத்தில் ஒருவருக்கா என்பது முன்பே தெரிந்திருந்தால், அந்த இரண்டு மாதத்தை வேறு மாதிரிச் செலவழித்திருப்போம். வேறு இரண்டு உதவித்தொகைகளின் கடைசி நாள் அந்த நடுவில் போனது. பள்ளியின் ஒரு தேர்வும் போனது. ‘ஃபைனலிஸ்ட்’ என்று நீங்கள் அச்சிட்டுத் தரும் கடிதம் சில இடங்களில் ஏறக்குறைய உறுதி, சில இடங்களில் குலுக்கல் சீட்டு. வெளியிலிருந்து பார்க்கும் எங்களுக்கு இரண்டும் ஒரே கடிதம், ஒரே தங்க முத்திரை.

நேர்காணலையே எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அதன் வரலாறு மதிக்கத்தக்கது. 1945-ல் சாப்பல் ஹில்லில், நார்த் கரோலினாப் பல்கலைக்கழகத்தில், ஜான் மோட்லி மோர்ஹெட்டின் கொடையில் தொடங்கிய உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டின் ரோட்ஸ் உதவித்தொகையை முன்மாதிரியாகக் கொண்டது. மதிப்பெண் தாளைத் தாண்டி ஆளைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. இன்று மோர்ஹெட்-கெய்ன் என்று அழைக்கப்படும் அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான் நாடெங்கும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் ஃபைனலிஸ்ட் வார இறுதிகளை அமைத்துக்கொண்டன. அதே பல்கலைக்கழகம், 2002-ல் எர்லி டிசிஷனைக் கைவிட்டதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நேரில் பார்ப்பது நல்லது. ஆசிய அமெரிக்கரிடம் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்டுக்கு எதிராகப் போட்ட வழக்கு 2018-ல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது வெளியான தரவு ஞாபகம் இருக்கும். ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரர்களுக்கு, அவர்களைச் சந்திக்காத அலுவலர்கள் போட்ட ‘ஆளுமை’ மதிப்பெண் குறைவாக இருந்தது. நேரில் சந்தித்துப் பேசிய ஹார்வர்டின் பழைய மாணவர்கள் போட்டது வெள்ளை மாணவர்களுக்கு ஒப்பாகவே இருந்தது. கூச்ச சுபாவம், கணக்கு மட்டும் தெரிந்த பிள்ளை என்று காகிதத்தில் தெரிபவன் அறைக்குள் வந்து உட்கார்ந்து பேசினால் வேறு ஆள். அதனால்தான் நேர்காணல் அழைப்புக்கு எங்கள் வீடுகளில் இத்தனை மதிப்பு. அந்த மதிப்பை வைத்துக்கொண்டு எங்களை இருட்டில் நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

‘முன்கூட்டியே விலை சொல்வது நடைமுறையில் முடியாது’ என்பது உங்கள் அடுத்த பதிலாக இருக்கும். முடியும். நீங்களே செய்கிறீர்கள், எங்களுக்குத்தான் செய்வதில்லை.

விளையாட்டு வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் கேட்டால், கோடையிலேயே அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து, இவ்வளவு உதவி எதிர்பார்க்கலாம் என்று முன்பார்வை தருகிறீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நவம்பரில் எர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடுகிறார். டென்னிஸ் ஆடுபவனுக்கு முடிவது டிபேட் பேசுபவளுக்கு ஏன் முடியாது?

குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே விண்ணப்பித்து, கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ‘மேட்ச்’ ஆனால் இடமும் நாலு வருட முழு உதவித்தொகையும் ஒரே கடிதத்தில் வருகிறது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு அதுவும் கட்டுப்படுத்தும் வாக்குதான். ஆனால் விலை அறிந்தே கொடுக்கும் வாக்கு. அந்தத் திட்டத்தில் உங்களில் பலர் பங்காளிகள். அருமையான வேலை, வாழ்த்துகள். அதே நியாயம் நடுவில் இருப்பவர்களுக்கும் பொருந்தாதா?

வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் விட்மன் கல்லூரி, விண்ணப்பிக்கும் முன்பே உதவித் தொகையைக் கணித்து அதற்கு உத்தரவாதமும் தருகிறது. அலபாமாப் பல்கலைக்கழகம் இந்த ஜிபிஏ, இந்த எஸ்ஏடி என்றால் இவ்வளவு டாலர் என்று ஒரு அட்டவணையைத் தளத்தில் வைத்திருக்கிறது. எங்கள் குழுவில் அலபாமாவைப் பற்றி யாரும் ‘சான்ஸ் எப்படி’ என்று கேட்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அட்டவணையைப் பார்த்துவிட்டு, போவதா வேண்டாமா என்று மட்டும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுதான் பெரியவர்கள் பேசும் பேச்சு.

எர்லி ஆக்‌ஷனையும் மெரிட்டையும் இணைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு, நவம்பர் 1 எர்லி ஆக்‌ஷனில் விண்ணப்பித்தால்தான் மெரிட்டுக்குப் பரிசீலிப்போம் என்று வைத்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலும் மெரிட் வேண்டுமென்றால் நவம்பர் 1. கட்டாயம் இல்லாததால் இது நியாயமான ஏற்பாடுதான். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. நவம்பர் 1 என்றால், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதத்துக்குள் எல்லாக் கட்டுரைகளும் தயாராக வேண்டும். கவுன்சிலர் ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மாணவர்கள் இருக்கும் அரசுப் பள்ளியில், இந்தத் தேதிக்குப் பின்னால் பணமும் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? பல பேருக்கு டிசம்பரில்தான் தெரிகிறது. அப்போது கதவு மூடியிருக்கும். கடைசி நாள் வைப்பது உங்கள் உரிமை. அதை பொடி எழுத்தில், மூன்றாவது துணைப்பக்கத்தில் வைப்பதை மாற்றுங்கள்.

எண்களுக்கு வருகிறேன். ‘காமன் டேட்டா செட்’ என்று ஒரு ஆவணத்தை உங்களில் பலர் ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்கள். எர்லி டிசிஷனில் எத்தனை விண்ணப்பம், எத்தனை அனுமதி என்பதற்கு அதில் இடம் உண்டு. நிதித் தேவை இல்லாத முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் கொடுத்தீர்கள், சராசரி எவ்வளவு என்பதற்கும் உண்டு. எங்கள் பெற்றோரில் பாதிப் பேர் டேட்டா இன்ஜினியர்கள்; இருந்தும் இந்த ஆவணத்தைப் பற்றி அநேகருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதில் கிடைக்காதது எது தெரியுமா? அந்த மெரிட் பணம் எர்லி டிசிஷனில் வந்தவர்களுக்குப் போனதா, மற்றவர்களுக்குப் போனதா என்பது. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அதில் இல்லை. சில கல்லூரிகள் ‘எந்தச் சுற்றில் வந்தாலும் ஒரே அளவுகோல்’ என்று தளத்தில் எழுதியிருக்கின்றன. ஏற்கெனவே கட்டுண்ட மாணவருக்கு எதற்குக் கூடுதல் பணம் கொடுத்து இழுக்கவேண்டும் என்று எந்த வியாபாரியும் யோசிப்பான். நீங்கள் அப்படி யோசிப்பதில்லை என்றால், அதை நிரூபிக்க ஒரு வரி எண் போதும்.

2011 அக்டோபரிலிருந்து கூட்டரசு சட்டப்படி உங்கள் தளங்களில், உதவி போக எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்று கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. நல்லது. அதில் எங்கள் வருமானத்தைப் போட்டால் முழுத் தொகைதான் வரும். நேர்காணல் வைத்துத் தரும் உதவித்தொகையை அது கணக்கில் எடுப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த கெட்ட செய்தியைத் திரும்பச் சொல்லும் இயந்திரம்.

பெற்றோரின் வேலை விசாவை ஒட்டித் தரப்படும் ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் பல ஆண்டுகள் காத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. மூன்று வயதில் வந்து, இங்கேயே கிண்டர்கார்டன் தொடங்கி பன்னிரண்டு வரை படித்து, பேச்சில் டெக்சஸ் வாடையோ நியூஜெர்சி வாடையோ வீசும் பிள்ளை, கூட்டரசு மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. பல தனியார் கல்லூரிகள் அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாணவர் கட்டில் வைத்து, குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்பதையும் பார்த்தே இடம் தருகின்றன. 21 வயதில் பெற்றோரின் விசாவிலிருந்தும் கழன்றுவிடும். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு உங்கள் மெரிட் உதவித்தொகை ஒன்றே மிச்சம். அதற்கு ஹெச்-4 பிள்ளை தகுதியா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு அலுவலகமாகத் தொலைபேசியில் அழைக்கவேண்டியிருக்கிறது. ஒரே அலுவலகத்தில் இருவரிடம் கேட்டு இரண்டு பதில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ‘அனைத்து விண்ணப்பதாரர்களும் பரிசீலிக்கப்படுவர்’ என்று எழுதாதீர்கள். விசா வகையின் பெயரைச் சொல்லி, உண்டு அல்லது இல்லை என்று எழுதுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. வேறு வழி பார்ப்போம்.

நீங்கள் தனித்தனியே மாற முடியாது, ஒருவர் மாறினால் மற்றவர் மாணவர்களை அள்ளிக்கொள்வார் என்ற வாதமும் எனக்குத் தெரியும். 2006 செப்டம்பரில் ஹார்வர்டு முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிட்டது. அது வசதியானவர்களுக்கே சாதகம் என்று காரணமும் சொன்னது. பிரின்ஸ்டனும் வர்ஜீனியாப் பல்கலைக்கழகமும் பின்தொடர்ந்தன. மற்றவர்கள் பெரும்பாலும் அசையவில்லை. 2011-ல் மூவரும் திரும்பிப் போனார்கள். அந்தப் பாடம் உண்மைதான். 2019-ல் நிலைமை இன்னும் விசித்திரமானது. எர்லி டிசிஷன் மாணவருக்கென்று தனிச் சலுகை தரக்கூடாது என்று உங்கள் சங்கமான நேக்கக் (NACAC) வைத்திருந்த விதியை, போட்டியைத் தடுக்கிறது என்று கூட்டரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் எதிர்த்தது. சங்கம் விதியை நீக்கியது. எங்களுக்காகப் போட்டி போடுங்கள் என்று அரசாங்கம் சொன்னதை, விடுதி அறையில் முன்னுரிமை தருகிறோம், சீக்கிரம் கையெழுத்துப் போடு என்று சிலர் புரிந்துகொண்டார்கள். 2025 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் கூட்டரசு நீதிமன்றத்தில் எர்லி டிசிஷன் விலையை உயர்த்துகிறது என்று 32 கல்லூரிகள் மீது வழக்கே வந்துவிட்டது. அது எப்படி முடிந்தாலும், நான் கேட்பதற்குச் சங்கமோ நீதிமன்றமோ தேவையில்லை. எண்ணை வெளியிடுவதற்கு இன்னொரு கல்லூரியின் சம்மதம் வேண்டாம்.

எனவே, வரும் அக்டோபர் 1-க்குள், அதாவது கூட்டரசு மாணவர் உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ படிவம் வழக்கமாகத் திறக்கும் நாளுக்குள், உங்கள் உதவித்தொகைப் பக்கத்தில் போன ஆண்டின் எண்களைப் போடுங்கள். விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், பெற்றவர். இவை மூன்றும் சுற்றுவாரியாக. விளையாட்டு ஒதுக்கீட்டைத் தனியே காட்டினால் இன்னும் நல்லது. எர்லி டிசிஷனில் அனுமதி தரும் அந்த டிசம்பர் கடிதத்திலேயே மெரிட் முடிவையும் தாருங்கள். நேர்காணல் தேவை என்றால் நவம்பரில் ஜூமில் வையுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வைத்தீர்கள்தானே. அப்படி முடியாது என்றால், மெரிட் கிடைக்காத எர்லி டிசிஷன் மாணவர் விலகிக்கொள்ளலாம், அவருடைய பள்ளியின் மீது எந்தக் கறையும் படியாது என்று எழுதிக் கொடுங்கள். ஃபைனலிஸ்டுகளை நேரில் வரச் சொல்பவர்கள் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. அங்கே வந்து உட்காரும் பிள்ளைகளின் முகத்தில் வேறு ஒரு நிதானம் இருப்பதாக என் மகளின் தோழி சொன்னாள்.

குழுவில் இருக்கும் பெற்றோருக்கு: இந்தப் பதில்கள் வரும்வரை, எந்தக் கல்லூரியிலும் எர்லி டிசிஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள். எங்கள் வருமானத்துக்கு முன்பார்வை தருவீர்களா? எர்லி டிசிஷனில் வந்த எத்தனை பேருக்குப் போன ஆண்டு மெரிட் கிடைத்தது? முடிவு எந்தத் தேதியில் வரும்? பதிலைத் தொலைபேசியில் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். வரும் பதில்களை, வராத பதில்களையும், குழுவில் ஒரே தாளில் சேர்த்து வைப்போம். அரங்கேற்றம் கணக்கில் வருமா என்ற கேள்வியை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் இளையவன் இப்போது பதினோராம் வகுப்பு. அவனுடைய பட்டியலை நாங்கள் கோடையில் போடுவோம். மேலே கேட்ட எண்களைத் தளத்தில் போட்டிருக்கும் கல்லூரிகள் அதில் முதலில் இடம்பெறும்.

இப்படிக்கு,
டெக்சஸிலிருந்து ஒரு தகப்பன்